எந்தச் சுப்பிரமணியம்?

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூருக்கு வந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெயரைக் கீழே பாருங்கள். தோட்டப் பள்ளியில் என் வகுப்பிலேயே மூன்று பேருக்கு அந்தப் பெயர். இப்போது கிளினிக்கில் கூப்பிட்டால் இரண்டு கிழவர்கள் எழுந்து நிற்கிறோம்.

மகளுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. என் பெயரை வைத்தால் என்ன என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ஏம்ப்பா, குப்பன் சுப்பன்னு வைக்கச் சொல்றீங்களா? ஊருக்குப் பத்துப் பேரு இருக்காங்க இந்தப் பேருல. தனியா தெரியற மாதிரி வைக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் மனசில் தைத்துவிட்டது. பாரதியார் பெயரம்மா அது என்றேன். "அவர யாருப்பா சுப்பிரமணியம்னு கூப்பிடுறாங்க?" என்று மடக்கிவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

சுப்பிரமணியம், கெப்போங்
(எந்தச் சுப்பிரமணியம் என்று நீங்களாவது கேட்காதீர்கள்.)

அன்புள்ள சுப்பிரமணியம் ஐயா,

பேரனுக்கு என் அன்பு. உங்கள் மகள் கெட்டிக்காரர். பாரதி விஷயத்தில் அவர் சொன்னதை மறுக்க முடியாது. வீட்டில் சுப்பையாவாக இருந்த பையனுக்குப் பதினொரு வயதில் எட்டயபுரத்தில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு சுப்பிரமணியம் என்பது பின்வரிசைக்குப் போய்விட்டது.

ஆனால் அந்தப் பட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1904-இல் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்கிறார். அந்தப் பத்திரிகையை நடத்தியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-இல் தி ஹிந்துவைத் தொடங்கிய நண்பர்களில் முக்கியமானவர். 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். விதவையாகிவிட்ட தன் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்து வைத்து ஊராரின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆக முதலாளியும் சுப்பிரமணியம், மொழிபெயர்க்க வந்தவரும் சுப்பிரமணியம். அதே சென்னையில் ஹைகோர்ட் நீதிபதியாக இன்னொரு சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்று சொல்வார்கள். பின்னாளில் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் நின்று, வெள்ளைக்காரன் கொடுத்த சர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர்.

1908 வந்ததும் கதை இன்னும் நெருக்கமாகிறது. தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடை ஏறிப் பேசிய வத்தலக்குண்டுக்காரரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் சுப்பிரமணிய சிவா. இயற்பெயர் சுப்பராமன் என்பார்கள். இந்தப் பெயரை அவர் பிற்பாடுதான் வரித்துக்கொண்டார். பத்து வருடத் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். அதே வருடம் ராஜத்துரோக வழக்கில் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். அதே வருடம், தன்னையும் பிடித்துவிடுவார்கள் என்ற நிலையில், பாரதி புதுச்சேரிக்குப் போனார். ஒரே வருடத்தில் சென்னை மாகாணப் போலீஸ் மூன்று சுப்பிரமணியங்களின் பின்னால் அலைந்திருக்கிறது. கோப்பு எழுதிய குமாஸ்தாவை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகவே இருக்கிறது.

இந்தப் பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் என்று மகள் சொன்னாரல்லவா? உண்மைதான். அந்தப் பத்துப் பேரில் இவர்களும் இருந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.

நம் மலேசியக் கதை ஒன்று உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) துணைத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் எஸ். சுப்பிரமணியம். சிகாமட் நாடாளுமன்றத் தொகுதி அவருடையது. 2004-இல் அதே கட்சி அதே தொகுதியில் வேறொருவரை நிறுத்தியது. அவர் பெயரும் எஸ். சுப்பிரமணியம்! முன்னவர் சின்னையா மகன், பின்னவர் சதாசிவம் மகன், இரண்டு அப்பாக்களுக்கும் முதலெழுத்து ஒன்று. பின்னவர் தோல் மருத்துவர் என்பதால் பத்திரிகைகள் பிழைத்தன, 'டாக்டர்' என்று போட்டுச் சமாளித்தார்கள். அவர் மனிதவள அமைச்சராகி, 2013-இல் சுகாதார அமைச்சராகி, கட்சித் தலைவரும் ஆனார். இன்றைக்கும் பழைய செய்திகளைத் தேடுகிறவர்கள் இருவரையும் ஒருவராக்கி, ஒரே மனிதர் முப்பது வருடம் சிகாமட்டில் இருந்ததாக எண்ணிக்கொள்வதைப் பார்க்கலாம்.

நம் ஆட்கள் இதற்கெல்லாம் அசந்ததே இல்லை. உங்கள் தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். விடியற்காலை வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில், கணக்கு எழுதும் கிராணி பேர் வாசிக்கும்போது 'சுப்பிரமணியம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் 'ஐயா' என்றிருப்பார்கள். அதனால் லோரி மணியம், பால்கொட்டகை சுப்பையா, கட்டை சுப்பன், மூணாம் லயத்து மணி என்று ஆளுக்கொரு அடையாளம். சீன முதலாளியின் தவுக்கே கடையில் அரிசி, கருவாட்டுக் கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டிலும் அதேதான். மூணாம் லயத்து மணி வாங்கிய கருவாடு லோரி மணியத்தின் கணக்கில் ஏறாது. பிறப்புப் பத்திரத்தில் ஏறியதோ எழுதுகிறவர் காதில் விழுந்தபடி. இந்த நாட்டில் ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? அப்படியே வாசித்தால் 'சூப்பர்மணியம்' என்று வரும் ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பையனுக்கு மவுசு கூடியிருக்கும். ஓய்வுபெறும்போது பத்திரத்துக்கும் ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்கும் எழுத்துப் பொருந்தாமல் சத்தியப் பிரமாணம் எழுதிக்கொண்டு அலைந்திருப்பார் என்பது வேறு.

கெடாவில் பீடோங்கில் 1942-இல் பிறந்த ஒரு சுப்பிரமணியம் அந்தப் பெயரின் வாலை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுத்தாளரானார்: கே.எஸ். மணியம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அங்கே தமிழ்நாட்டில் க.நா. சுப்ரமண்யம் என்ற விமர்சகர் க.நா.சு. ஆனார். மூன்றெழுத்தில் வேறு யாரும் குழம்ப வழியில்லை. பெயரை மாற்றாமல் ஓரத்தில் கொஞ்சம் செதுக்கிக்கொள்வது நமக்குக் கைவந்த கலை.

இனி குப்பன் சுப்பன். மகள் சொன்ன அந்த இருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அவர்கள் உத்தியோகம். 'குப்பனும் சுப்பனும் கேள்வி கேட்கிற நிலைமையாகிவிட்டது' என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், அதைச் சொல்கிறவரைத்தான் நாம் எடைபோடவேண்டும். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. இந்நாட்டில் மூன்று இனத்தையும் ஒரு மூச்சில் சொல்ல வேண்டுமென்றால் அலி, ஆ சோங், முத்துசாமி. அந்த முத்துசாமியை எனக்குப் பிடிக்கும், மற்ற இருவரோடும் சமமாக ஒரே வரிசையில் நிற்கிறார்.

எனக்குப் பிடிக்காதவர் ராமசாமி. பெயர் மேல் கோபமில்லை, அதை வைத்தவர்கள் மேல்தான். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியில் ராமசாமி என்று ஒரு பதிவு இருக்கிறது. தென்னிந்திய இந்துக்களுக்கு, அதிலும் சிலோன் தோட்டக் கூலிகளுக்கு, வெள்ளையர் வைத்த பொதுப்பெயர் என்கிறது. உனக்கு என்ன பெயர் என்று கேட்கிற சிரமம் எதற்கு, எல்லாரும் ராமசாமிதான். அதோடு நிற்கவில்லை. துரைமார் சுருட்டுப் பற்றவைக்கும் பஞ்சுத்திரி ஒன்று உண்டாம், வெள்ளிக் குழாய்க்குள் முறுக்கி வைத்தது. அதற்கும் அதே பெயர். ஆளும் ராமசாமி, சுருட்டுத் திரியும் ராமசாமி.

பெரட்டுக்களத்தில் கட்டை சுப்பன் என்று சொன்னவனுக்கு அந்த ஆளைத் தெரியும், அவன் பிள்ளைகளைத் தெரியும், கூலி போட்ட அன்று அவன் எந்தக் கடைப்பக்கம் ஒதுங்குவான் என்றும் தெரியும். துரை ராமசாமி என்றபோது எதிரில் நின்றவர் யாரென்றே தெரியாது. உங்கள் மகள் குப்பன் சுப்பன் என்றதில் நீங்கள் புண்பட வேண்டியதில்லை. அவருக்கு நீங்கள் எந்தச் சுப்பிரமணியம் என்று நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரியம். நம் தாத்தா காலத்தில் பெயருக்கு ஒரு வால் இருந்தது: ஐயர், பிள்ளை, முதலியார், நாயக்கர். அதை வைத்துப் பிரித்தறிந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அந்த வாலை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். ஈ.வெ. ராமசாமி அதே வருடம் டிசம்பரில் பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கியபோது நாயக்கர் உதிர்ந்த வெறும் ராமசாமி. வெள்ளையர் கூலிக்கு வைத்த அதே பெயர். அவரைப் பார்க்க மலாயாவில் கூட்டம் கூடியது. வால் போனது நல்லதுதான் என்பது என் கட்சி. அதனால் ஒரே பெயர்க்காரர்கள் பெருகினார்கள் என்றால் பெருகட்டுமே. இங்கே அந்தச் சுமையையும், மலாயில் மகன் என்று பொருள்படும் 'ஏ/எல்' ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னார் மகன் இன்னார். அதுவும் போதாதென்றால் ஐ.சி.யில் பன்னிரண்டு இலக்கம் இருக்கிறது: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், மிச்சம் நான்கு. தனியாகத் தெரிய வைக்கிற வேலையைப் பதிவிலாகா பார்த்துக்கொள்கிறது, குழந்தையின் பெயருக்கு அந்த வேலை இல்லை.

தனியாகத் தெரிவதற்கென்று வைக்கிற பெயர்களையும் பார்க்கிறேன். நட்சத்திரத்துக்கு ஓரெழுத்து, எண்கணிதத்துக்கு இரண்டெழுத்து கூட்டி, கடைசியில் ஒரு 'ஷ்' அல்லது 'வின்'. பாலர் பள்ளியில் பெயர் வாசித்தால் தர்வின், யஷ்வின், கவ்வின் என்று போகிறது. எந்தக் குழந்தை எந்த 'வின்' என்று ஆசிரியைக்கே தடுமாற்றம். முப்பது வருடம் கழித்து கிளினிக்கில் அவர்களும் இரண்டு இரண்டு பேராக எழுந்து நிற்கத்தான் போகிறார்கள். இதை மகளிடம் என் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டாம்.

நெரிசல் வேண்டுமென்றால் தைப்பூசத்தன்று பத்துமலையில் பாருங்கள். கோயில் பெயரே ஸ்ரீ சுப்பிரமணியர் ஆலயம், வாசலில் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்பவரும் அவர்தான். ஒரு தடவை ஒலிபெருக்கியில், 'சுப்பிரமணியம், உங்கள் மனைவி அறிவிப்புக் கூடாரத்தில் காத்திருக்கிறார்' என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கூடாரத்து வாசலில் நான்கைந்து ஆண்கள். ஒருவர் கையில் பால்குடம், ஒருவர் தோளில் தூங்குகிற குழந்தை. உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்து, 'இல்ல, இல்ல' என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் மட்டும், 'அப்பாடா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கடைசியாக உங்கள் வழக்கு. 1910-இல் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று பொள்ளாச்சி பக்கத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். உணவு அமைச்சராக இருந்தபோது, 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்து இந்தியாவின் பசுமைப் புரட்சிக்கு வழிவிட்டவர். இன்னொருவரை உலகம் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்று அறியும். 1983-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அவருக்கு சுப்பிரமணியன் என்பது சொந்தப் பெயரில்லை, அப்பா பெயர். ரயில்வே கணக்குத் துறை அதிகாரி சுப்பிரமணிய ஐயரின் மூத்த மகன் அவர். சந்திரசேகர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அப்பாவின் அப்பா சந்திரசேகர ஐயர். சர் சி.வி. ராமனின் தந்தையும் அவர்தான். தாத்தா பெயரை வாங்கிக்கொண்ட அந்தப் பேரன், எரிந்து முடிந்து வெண்குள்ளனாகிவிட்ட நட்சத்திரம் எந்த எடைக்கு மேல் தாங்காது என்று கணக்குப் போட்டார். 1999-இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்றே பெயர் வைத்தார்கள்.

தாத்தா பெயரை வைப்பது பழசு என்று மகள் சொன்னால் இதைக் காட்டலாம். ஆனால் கவனித்தீர்களா, சந்திரசேகருக்கு வந்தது அப்பாவழித் தாத்தாவின் பெயர். நம்மிலும் மூத்த பையனுக்கு முதல் உரிமை அந்தப் பக்கம்தான். உங்கள் சம்பந்தியின் பெயரை நீங்கள் எழுதவேயில்லை. அவரும் ஒரு பெயரோடு காத்திருக்கலாம். மகளிடம் பேசுவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள். அவரும் சுப்பிரமணியமாக இருந்துவிட்டால் வேலை சுலபம்.