280 நானோமீட்டர் டிடெக்டர்: பீக் தட்டையாவது ஏன்?

கேள்வி: 280 நானோமீட்டர் எல்.இ.டி., 1 மி.மீ. துளையும் 10 மி.மீ. நீளமும் கொண்ட ஃப்ளோ செல் (திரவம் ஓடும்போது ஒளி ஊடுருவும் சிறு குழாய்), ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒரே ஒரு சிலிக்கான் போட்டோடையோடு. இவற்றை வைத்து ஹெச்.பி.எல்.சி.க்கு (திரவக் கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் கருவி) டிடெக்டர் செய்திருக்கிறேன். பேஸ்லைன் (மாதிரி இல்லாதபோது வரும் அடிக்கோடு) அரை மணி நேரத்தில் 2 மில்லி ஏ.யூ. (ஒளி உறிஞ்சல் அலகு) நகர்கிறது. செறிவான மாதிரி என்றால் பீக் (மாதிரி கடக்கும்போது எழும் முகடு) 1.5 ஏ.யூ.வில் தட்டையாகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். இரண்டு கோளாறுக்கும் காரணம் பெரும்பாலும் ஒளிதான்.

தட்டையான பீக்கிலிருந்து தொடங்குவோம். 1.5 ஏ.யூ.வுக்கு மேல் ஏறவில்லை என்றால், மாதிரி தடுக்க முடியாத ஒளி சுமார் 3 சதவீதம் டையோடை அடைகிறது என்று பொருள். அது வரக்கூடிய வழிகள் இரண்டு. எல்.இ.டி. 280-ஐத் தவிர நீண்ட அலைநீளத்திலும் மங்கலாக ஒளிரும். சிலிக்கான் அதையும் சேர்த்தே பார்க்கும். இல்லையென்றால், திரவத்துக்குள் போகாமல் செல்லின் சுவர் வழியாக ஒளி கசிகிறது. டெஃப்லான் உடல் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. செல்லைத் தண்ணீரால் கழுவிவிட்டுச் சுத்தமான அசிட்டோனால் நிரப்புங்கள் (ஹெச்.பி.எல்.சி.யில் ஓடும் உப்புக் கரைசலான பஃபரோடு நேரடியாகக் கலந்தால் உப்பு படியும்). 280-ல் அசிட்டோன் ஒளியை அறவே விடாது. சுமார் 330-க்கு மேல் விட்டுவிடும். எல்.இ.டி.யை அணைத்து எடுத்த இருட்டு மின்னோட்டத்தைக் கழித்தபின் மிஞ்சுவதே வேண்டாத ஒளி. எல்.இ.டி.க்கு முன்னால் 280-ஐ ஒட்டிய ஒளியை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் வைத்ததும் அது மறைந்தால் நீண்ட அலை. ஃபில்டரையே வைத்துக்கொள்ளலாம், அல்லது நீண்ட அலையைப் பார்க்காத சிலிக்கான் கார்பைடு டையோடுக்கு மாறலாம். மறையவில்லையா? சுவர்க் கசிவு. செல்லின் இரு முனையிலும் 0.8 மி.மீ. துளையிட்ட கருப்புத் தகடு வையுங்கள். ஏ.யூ. கணக்கிட லாகரிதம் (log) எடுக்கும் முன்பே இருட்டு மின்னோட்டத்தைக் கழிக்க வேண்டும். பலர் சறுக்கும் இடம் இது.

அடுத்து பேஸ்லைன் நகர்வு. 2 மில்லி ஏ.யூ. என்பது ஒளியில் வெறும் 0.46 சதவீத மாற்றம். எல்.இ.டி.யின் வெப்பம் ஓரிரு டிகிரி ஏறினாலே ஒளி அவ்வளவு குறையக்கூடும். நிலையான மின்னோட்டம் கொடுங்கள், அலுமினியக் கட்டையில் பொருத்துங்கள், அரை மணி நேரம் சூடாக விடுங்கள். உண்மையான மருந்து இரண்டாவது டையோடு. 45 டிகிரியில் ஒரு குவார்ட்ஸ் தகடு வைத்து, ஃபில்டருக்கும் துளைத் தகட்டுக்கும் பிறகு ஒளியைப் பிரித்து, அதே வகை டையோடில் அளந்து இரண்டு டையோடுகளின் விகிதம் எடுங்கள். எல்.இ.டி.யின் பக்கவாட்டில் இந்த ஒப்பீட்டு டையோடை வைப்பது வேலைக்காகாது. அங்கே விழும் ஒளியும் செல்லுக்குள் போகும் ஒளியும் ஒரே அளவில் மாறுவதில்லை.

வரைகோட்டில் திடீர் முட்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் காற்றுக் குமிழி. செல்லின் வெளிவாயில் சிறு பின்னழுத்தம் கொடுங்கள், செல் தாங்கும் அளவுக்குள்.

ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். டையோடில் 100 நானோ ஆம்பியர் கிடைத்தால், 1 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒளியின் இயல்பான இரைச்சல் 1 மைக்ரோ ஏ.யூ.வுக்கும் குறைவு. 1 நானோ ஆம்பியர்தான் என்றால் அதுவே 8 மைக்ரோ ஏ.யூ. ஆகும்; அப்போதும் ஆம்ப்ளிஃபயரின் கெயினை (பெருக்கும் அளவை) கூட்டிப் பயனில்லை, ஒளியைத்தான் கூட்ட வேண்டும்.