டயப்பர் வாங்கும் முன் ஒரு ஸ்கேன்

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. 30 வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதமாக ராத்திரி தூக்கத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. விடிவதற்குள் அவரே எழுந்து வேட்டியையும் விரிப்பையும் அலசிக் கொல்லையில் காயப்போட்டுவிடுவார். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் 5 மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. பகலில் அடிக்கடி பாத்ரூம் போகிறார், கொஞ்சம்தான் போகிறதாம். வலி இல்லையாம். டூட்டியில் மணிக்கணக்காக அடக்கி வைத்ததன் பலன் என்கிறார். மூத்திரப்பை பலவீனமாகிவிட்டதா? பெரியவர்களுக்கான டயப்பரில் எது நல்லது?
– ஒரு மருமகள், கரூர்

பதில்: டயப்பரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் அம்மா. இந்த வாரமே அவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

வயதான ஆணுக்குப் புதிதாகப் படுக்கை நனைகிறது, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, வலியும் இல்லை என்றால், பை காலியாகாமல் நிரம்பி வழிகிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். விளிம்புவரை நிறைந்த குடம் ததும்புவது போலத்தான் இது. பார்ப்பவர்களுக்குப் பலவீனமாகத் தெரியும். உள்ளே இருப்பது அடைப்பு.

மூத்திரப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றிப் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம். 50-ஐத் தாண்டியபின் பலருக்கும் மெல்ல வளர்ந்து குழாயை நெருக்குகிறது. பை முக்கி முக்கி வெளியேற்றிப் பார்க்கும். ஒரு கட்டத்தில் சோர்ந்துபோகும். நமக்கெல்லாம் 400, 500 மில்லி சேர்ந்தாலே முட்டிக்கொண்டு வரும். மாதக்கணக்கில் சிறுகச் சிறுக விரிந்த பையில் ஒரு லிட்டர் தேங்கினாலும் வலிக்காது. அவர் வலி இல்லை என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறினால் இரண்டு சிறுநீரகங்களும் சத்தமில்லாமல் கெடும்.

இதை என் வீட்டிலேயே பார்த்தேன். வெளியூரில் வேலையில் இருந்த நான் பொங்கலுக்கு ஊர் போயிருந்தேன். அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கிணற்றடியில் நின்றார். தொப்புளுக்குக் கீழே வயிறு ஒரு தேங்காய் அளவுக்கு உப்பியிருந்தது. அவர் பாய்க்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்துப் படுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது என்று அம்மா அப்போதுதான் சொன்னாள். மூத்திரப்பைக்குள் டியூப் போட்டதும் 1,400 மில்லி சிறுநீர் வந்தது. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 5.8. பிறகு 1.9 வரை இறங்கியது, அதற்குக் கீழே வரவே இல்லை. “வயசானா இப்படித்தானேப்பா” என்றார். அவர் அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். நானும் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

அதனால், உங்கள் கணவரே அவரிடம் பேசட்டும். வேட்டி அலசுவதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். “ஒண்ணுக்குத் தாராளமா போகுதாப்பா, வேகம் முன்ன மாதிரி இருக்கா, போய்ட்டு வந்தப்புறமும் மிச்சம் இருக்கற மாதிரி தோணுதா?” என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவார்.

ஸ்கேனில் சிறுநீர் போவதற்கு முன்னும் பின்னும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். போன பிறகு 50 மில்லிக்குள் மிஞ்சினால் நல்லது. 300-ஐத் தாண்டினால் பை சரியாகக் காலியாகவில்லை என்று அர்த்தம். ஸ்கேன் சென்டரில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்; இவர் விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள். கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

அடைப்பு உறுதியானால் டியூப் போட வேண்டியிருக்கும். தெரிந்த கம்பவுண்டரை வீட்டுக்கு வரவழைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். நெடுநாள் அடைப்பு நீங்கியதும் சிலருக்கு ஓரிரு நாள் சிறுநீர் கொட்டும். உடம்பின் உப்பும் சேர்ந்து வெளியேறி ரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். மருத்துவமனையில் இருந்தால் ஈடுகட்டுவார்கள். சிறுநீரகம் தேறியபின் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கலாம். வயிற்றில் கத்தி படாது.

அதுவரை இரண்டு மாத்திரைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அடிக்கடி போவதை நிறுத்த என்று கேட்டு வாங்குவது பையை இன்னும் தளர்த்திவிடும். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குவது, பாதி அடைத்ததை முழுதாக அடைத்துவிடக்கூடும். தண்ணீரை வழக்கம்போல் குடிக்கட்டும், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். இந்தச் சுரப்பி வளர்ந்தது டூட்டியில் அடக்கியதால் அல்ல. வயதும் ஆண் ஹார்மோனும்தான் காரணம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கேள்வி: வயது 61. பி.எஸ்.ஏ. 5.2 வந்திருக்கிறது. புற்றுநோய் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு. அந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. புராஸ்டேட்டின் சாதாரண வீக்கம், நீர்க்கடுப்பு, அண்மையில் போட்ட டியூப் எதனாலும் அது ஏறும். கிருமித்தொற்று இருந்தால் சிகிச்சை முடித்துச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை. புராஸ்டேட்டைச் சுருக்கும் மாத்திரைகளான ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவராக இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அவை பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், 5.2-ஐ 10-க்கு மேல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இரண்டு வருடமாகப் புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன். மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் கண் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டையே காட்டுங்கள். இந்த மருந்தால் ஆபரேஷனின்போது கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத் திரை (ஐரிஸ்) துவண்டு கருவிக்குள் இழுபடலாம். நிறுத்தினாலும் அந்தத் தன்மை போகாது. முன்பே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாட்டோடு செய்வார்கள். ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள், தலைசுற்றி விழாமல் இருக்கலாம்.