சுகாசனத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுக்கக் கணினி முன் வேலை. சில மாதங்களாக யோகா வகுப்புக்குப் போகிறேன். சுகாசனத்தில், அதாவது சாதாரணச் சம்மணத்தில், ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே கீழ்முதுகு வலிக்கிறது. முழங்கால்கள் தரையில் படியாமல் தூக்கி நிற்கின்றன, இடது பாதம் மரத்துப்போகிறது. மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் கணுக்காலிலும் வலி. பழகினால் சரியாகிவிடும் என்கிறார் ஆசிரியர். வலியோடு தொடரலாமா?

பதில்: இப்போது உட்காரும் விதத்திலேயே தொடர வேண்டாம். வலிப்பது முதுகில்தான், ஆனால் சிக்கல் இடுப்பு மூட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். முழங்கால் தூக்கி நிற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அடையாளம்.

சம்மணமிடும்போது தொடை இடுப்பு மூட்டில் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். நாற்காலியிலேயே பொழுதைக் கழிப்பவர்களுக்கு அந்த அசைவுக்கு வேலையே இல்லாமல் போகிறது. தொடை திரும்பாவிட்டால் இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும். கீழ்முதுகில் இயல்பாக உள்ள உள்வளைவு போய் முதுகு கூன் விழும். அந்த நிலையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தால் முதுகுத் தசைகள் முழுநேரமும் போராட வேண்டியிருக்கும். உட்கார்ந்தபடி கீழ்முதுகின் நடுவில் கை வைத்துப் பாருங்கள். முதுகெலும்பின் முடிச்சுகள் வெளியே துருத்திக்கொண்டு தட்டுப்பட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்திருக்கிறது.

இதற்கு வழி உயரம்தான். ஜமுக்காளத்தையோ கெட்டியான போர்வையையோ 10 செ.மீ. அளவுக்கு மடித்துக்கொள்ளுங்கள். மணைப்பலகை இருந்தால் அதன்மேல் ஒரு போர்வை போட்டாலும் சரி. மெத்தென்ற தலையணை அமுங்கிவிடும், பயனில்லை. மடிப்பின் முன்விளிம்பில் பிட்டம் மட்டும் இருக்கட்டும், கால்கள் தரையில் இருக்கட்டும். முழங்கால் இடுப்பின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ வரும்வரை உயரத்தைக் கூட்டுங்கள். 15 செ.மீ. தேவைப்பட்டாலும் கூச்சம் வேண்டாம். ‘என்ன, வயசாயிடுச்சா?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். போர்வை, மரக்கட்டை, நாற்காலி என்று எல்லாவற்றையும் வைத்து ஆசனம் சொல்லிக்கொடுத்தவர்தான் புனேயின் புகழ்பெற்ற யோகா குரு பி.கே.எஸ். அய்யங்கார்.

அப்புறம் பாதங்கள். பலரும் குதிகால்களைத் தொடையிடுக்கு வரை இழுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாமல் கால்களைக் கெண்டைக்காலின் நடுவில் குறுக்கிட்டு, ஒவ்வொரு பாதமும் எதிர் முழங்காலுக்கு அடியில் வரும்படி வையுங்கள். முழங்கால் அப்போதும் அந்தரத்தில் நின்றால் அடியில் துண்டை மடித்து வைத்துத் தாங்குங்கள். மேலிருந்து அழுத்துவது கூடாது.

பாதம் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் நரம்பு அழுந்துவதே காரணம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில், தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது அதுதான். மரப்பு தொடங்கியதும் காலை நீட்டிவிடுங்கள், பொறுத்துக்கொள்வதில் சாதனை எதுவுமில்லை. எந்தக் கால் முன்னால் என்பதையும் மாற்றி மாற்றி உட்காருங்கள்.

வஜ்ராசனத்துக்குச் சுருட்டிய துண்டு ஒன்றைக் கணுக்காலின் முன்பக்கத்துக்கு அடியில் வையுங்கள். குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவில் ஒரு போர்வை மடிப்பு வைத்தால் முழங்காலின் மடிப்பும் குறையும்.

உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை. தசை இறுக்கம் மாதக்கணக்கில் மெல்லத் தளரும். மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மற்ற தொடையின் மேல் வைத்து, அந்தத் தொடையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சி இதற்கு நல்லது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் இடுப்பு மூட்டின் எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குப் பத்மாசனம் எத்தனை வருடம் பழகினாலும் வராது. அவர்கள் கையால் பாதத்தை இழுத்துத் தொடைமேல் ஏற்றும்போது, இடுப்பில் நடக்காத திருகல் முழங்காலுக்குப் போகிறது. மடங்கி நீள்வதற்கே அமைந்த மூட்டு அது. உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழியவும் கூடும்.

அதனால் முழங்காலின் உள்ளே சுரீரென்று வலித்தால் உடனே நிறுத்துங்கள். காலை நீட்டிச் சில நிமிடங்கள் ஆகியும் மரப்பு போகாவிட்டாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மூச்சுப் பயிற்சியை நாற்காலியில் செய்யலாம். முன்விளிம்புக்கு நகர்ந்து, சாயாமல், பாதம் முழுதும் தரையில் படும்படி உட்காருங்கள். தரை எட்டவில்லையென்றால் காலுக்கடியில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள்.