நீட் கைகொடுக்கவில்லை, அதனால் மருத்துவமனை நிர்வாகமா?

வணக்கம் சார். மகளுக்கு இந்த முறையும் நீட்டில் அரசு இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை, இன்னொரு தடவை எழுத அவளுக்கு மனமில்லை, இந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரிக்காரர்கள் வீட்டுக்கே வந்து பி.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் படித்தால் டாக்டர்களுக்கே மேலதிகாரி ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். துறை நல்ல துறைதான், ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு நேராக அதில் போய் விழுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த மேலதிகாரிப் பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கண்காணிப்பாளர், டீன், மாவட்ட இணை இயக்குநர் எல்லாரும் மருத்துவர்கள்தான். டெல்லி எய்ம்ஸில் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே பட்டமேற்படிப்பு இருக்கிறது, அதில் சேரவே எம்.பி.பி.எஸ். வேண்டும். தனியாரிலும் மெடிக்கல் டைரக்டர் நாற்காலி பெரும்பாலும் மருத்துவருக்குத்தான். மருத்துவர் அல்லாதவர்கள் ஆபரேஷன்ஸ், தரம், பில்லிங், காப்பீடு, கொள்முதல், மனிதவளம் ஆகிய பிரிவுகளில் வளர்ந்து, நல்ல திறமையும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தால் ஒரு யூனிட்டின் தலைமைப் பொறுப்பு வரை போகிறார்கள், அதற்கு வருடங்கள் ஆகும். நீட்டில் கிடைக்காத மரியாதையை இந்தப் படிப்பு ஈடுகட்டும் என்று நினைத்துச் சேர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் டாக்டர்கள் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து நொந்து போவதை நான் நிறையவே பார்க்கிறேன். உங்கள் மகள் அந்த மனநிலையில் இருக்கிறாளா என்று நீங்கள்தான் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும்.

சரி, அந்த வேலையில் என்னதான் செய்வார்கள்? உங்கள் வீட்டிலும் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் காத்திருந்திருப்பீர்கள். காலை 10 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார், கட்டில் காலியாகும்போது மாலை 5 மணி. நடுவில் என்ன நடக்கிறது என்றால், டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய ஜூனியர் டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறார், வார்டில் மிச்சமான ஊசி மருந்துகள் ஃபார்மசிக்குத் திரும்பிப் போய் பில்லில் கழிய வேண்டும், ஒரு லேப் ரிசல்ட் இன்னும் கணினியில் ஏறவில்லை, எல்லாம் முடிந்து பில் போட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் வர வேண்டும். (டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி போட்டது. ஆனால் ஆஸ்பத்திரியே கோரிக்கையை மதியம் 2 மணிக்கு அனுப்பினால் அந்த விதி யாருக்கு என்ன செய்யும்?) அதே நேரத்தில் கீழே கேஷுவாலிட்டியில் ஒருவர் அந்தக் கட்டிலுக்காக ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார்.

இந்தத் துறையில் படிக்கிற பிள்ளை கையில் ஒரு தாளோடு அந்த வார்டில் நின்று, எந்த வேலை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, நடுவில் ஃபைல் யார் மேஜையில் சும்மா கிடந்தது என்று நோயாளி நோயாளியாகக் குறித்து எடுக்கும். மறுநாள் போகப்போகிறவர் யார் என்று முந்தின நாள் மாலையே ஓரளவு தெரியும் என்பதால் சம்மரியையும் மருந்துத் திருப்பலையும் இரவே முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுதும். அப்புறம்தான் கஷ்டமே. இரவுப் பணி நர்ஸ் "எனக்கு இருக்கிற வேலை போதாதா" என்பார், டாக்டர் "காலையில் பார்க்காமல் எப்படி எழுதுவது" என்பார், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். அவர்களிடம் பேசி, திட்டு வாங்கி, ஒரு வார்டில் மட்டும் செய்துகாட்டி, நேரம் குறைந்ததா என்று மறுபடி அளந்து பார்ப்பதுதான் வேலை. உங்கள் மகளுக்கு இதைப் படிக்கும்போது ஆர்வம் வருகிறதா, கொட்டாவி வருகிறதா என்று கேளுங்கள். எந்த ஆப்டிட்யூட் டெஸ்டையும் விட எனக்கு அந்தப் பதில் போதும்.

இதெல்லாம் சில்லறை வேலை என்று தோன்றினால் மதுரையைப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலக அளவில் பாடமாக நடத்தப்படுகிறது என்றால் அதில் அறுவைத் திறமைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வேலையைப் பிரித்த விதத்துக்கும் உண்டு. ஒரு மேஜையில் கண்புரை அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார், சர்ஜன் திரும்பி உட்கார்ந்தால் போதும். தயார்படுத்துவது, சோதிப்பது, விளக்கிச் சொல்வது எல்லாவற்றையும் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. இந்த முறையை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்க 1992-லேயே லைகோ என்று தனியாக ஒரு நிறுவனம் ஆரம்பித்துவிட்டார்கள்.

அரசுத் தரப்பில் உதாரணம் வேண்டுமென்றால், அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று இருக்குமே, அதன் பின்னால் இருப்பது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மொத்தமாக டெண்டர், வந்த மருந்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே விநியோகம், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டிலிருந்து எடுக்க எடுக்கக் கழிகிற பாஸ்புக். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போய்த் தங்கள் ஊரிலும் இதைப்போல அமைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் பெயர், எந்தப் பக்கம், எந்த மருந்து ஒவ்வாது என்று சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிற ஒரு பட்டியலை உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்தது. டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியதாக 2009-ல் ஆய்வு வெளியானது. அதற்குப் புது மருந்தும் தேவைப்படவில்லை, புது மெஷினும் தேவைப்படவில்லை.

இவ்வளவு நல்ல துறையை ஏன் இப்போதே படிக்க வேண்டாம் என்கிறேன்? வார்டு எப்படி இயங்குகிறது என்று தெரியாத 20 வயதுப் பிள்ளை பி.பி.ஏ. சான்றிதழோடு போனால், வரவேற்பு, பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க் என்றுதான் உட்கார வைப்பார்கள், அந்த நாற்காலியில் வேறு எந்தப் பட்டம் படித்தவரும் அதே சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பார். அதே பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு எம்.எச்.ஏ. என்கிற மருத்துவமனை நிர்வாக முதுகலை படித்தால் கதையே வேறு. என்.ஏ.பி.எச். என்கிற தேசியத் தர அங்கீகாரத்துக்கு அலைகிற மருத்துவமனைகளில் தரப் பிரிவை நடத்துகிறவர்களில் எத்தனை பேர் பழைய நர்ஸ்கள் என்று விசாரித்துப் பாருங்கள். "நர்ஸா?" என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும், ஃபீஸ் கட்டப்போவது அவர்கள் இல்லையே. கையில் தொழில் இருக்கும், மேற்படிப்பு பிடிக்காவிட்டாலும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. நர்சிங் பிடிக்கவே பிடிக்காது என்றால் மருந்தியல், ஆய்வகம், புள்ளியியல், ஏன் பி.காம். கூட நல்ல அடித்தளம்தான், கணக்குப் புரிகிற ஆளுக்கு மருத்துவமனையில் எப்போதும் கிராக்கி உண்டு.

மேற்படிப்பு என்று வரும்போது மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), 1984-லிருந்து இதற்கென்றே இயங்குகிற ஜெய்ப்பூர் ஐ.ஐ.எச்.எம்.ஆர். இரண்டையும் முதலில் பாருங்கள். டிஸ்ஸில் சேர்க்கை முறை மாறிக்கொண்டிருக்கிறது, அந்தந்த வருட அறிவிப்பைப் படியுங்கள். தமிழ்நாட்டுக்குள் எம்.பி.ஏ. என்றால் டான்செட் நுழைவுத் தேர்வு உண்டு. எங்கே சேர்ந்தாலும் கல்லூரிக்குச் சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை மாதம் உள்ளே விடுவார்கள், போன வருடம் முடித்தவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்று அட்டையில் போட்டிருப்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முடித்த இரண்டு பேரின் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். வெளிநாட்டு எம்.எச்.ஏ. பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலை அனுபவம் இல்லாமல், கடன் வாங்கி, அந்த நாட்டுக் காப்பீட்டு முறையை மட்டும் படித்துவிட்டு வருவது இப்போதைக்கு வேண்டாம்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், முதல் வேலையில் மாதம் 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில்தான் பலர் தொடங்குகிறார்கள், நல்ல கல்லூரி, முன் அனுபவம் இரண்டும் இருந்தால் கூடும். ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காத வேலை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிற கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, மற்றவற்றுக்கு அந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் தகுதியைப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள். வீட்டுக்கு வந்த கல்லூரிக்காரர்கள் அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் கலந்தாய்வு முடியும்வரை கொடுக்காதீர்கள், நகல் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.