குளிர்காலக் கடற்கரை விடுமுறை: அறுபதைத் தாண்டிய தம்பதிகளுக்குக் கேள்வி பதில்

முதியவர்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. குளிர்காலத்தில் வெப்பமண்டலக் கடற்கரைக்குப் போக நினைக்கிற மூத்த தம்பதிகள் தாராளமாகக் கேட்கலாம். வயது, போகும் மாதம், முழங்கால் நிலவரம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். விசா பற்றியும் டிக்கெட் விலை பற்றியும் என்னிடம் கேட்க வேண்டாம். நான் டாக்டர் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 67, மனைவிக்கு 64. முழங்கால் பரவாயில்லை. ஜனவரியில் இரண்டு வாரம் போகிறோம். மழை இல்லாத இடம் எது?

எல்லோரும் இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் மாதத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் மாதத்திலிருந்து ஆரம்பித்தது நல்லது. பாதி இடங்கள் தானாகவே கழன்றுவிடும்.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அந்த நேரத்தில் வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. அது நேராக வந்து மோதுகிற கிழக்குக் கரைகளில் மழையும் கொந்தளிப்பும். மேற்குக் கரைகள் காய்ந்து, கடல் அடங்கிக் கிடக்கும். தாய்லாந்தையே பாருங்கள். மேற்கே புக்கெட்டும் கிராபியும் ஜனவரியில் அருமை. மறுபக்கம் கோ சமுயியில் நவம்பரில் கொட்டும் மழை டிசம்பரிலும் விடாது. மலேசியாவில் லங்காவி சரி, கிழக்கே பெர்ஹெந்தியான் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். இலங்கையில் பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் போங்கள். திருகோணமலையும் பாசிக்குடாவும் மே முதல் செப்டம்பர் வரைக்கானவை. வியட்நாமில் தெற்கே ஃபூ குவோக் நன்றாக இருக்கும். நடுவில் இருக்கும் டா நாங்கில் மேகமும் தூறலுமாக, கடலில் இறங்கவே தோன்றாது. கோவாவுக்கும் இதுதான் காலம்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் கணக்கு மாறும். பாலியில் ஜனவரி மழைக்காலத்தின் உச்சம். மொரீஷியஸில் புயல் காலம். செஷல்ஸிலும் இது மழை மாதம்தான்.

கரீபியன் பக்கம் சூறாவளிக் காலம் நவம்பர் 30-ஓடு முடிகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை உலர்ந்த வானிலை. பார்படோஸ் என்றால் மேற்குக் கரையில் மட்டும் அறை போடுங்கள். கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்தபடி இருக்கிறது, அலை ஆளைப் புரட்டிவிடும்.

முதல் முறை என்றால் என் ஓட்டு புக்கெட்டுக்கு. பெரிய தீவு, நல்ல மருத்துவமனைகள் உண்டு, விமானத்தை விட்டு இறங்கிக் காரிலேயே அறைக்குப் போய்விடலாம். படகு ஏற வேண்டாம்.

கேள்வி: ஜனவரிக்குப் பாலி ஆஃபர் ஒன்று வந்திருக்கிறது. எடுக்கலாமா?

அந்த மாதத்தில் ஏன் ஆஃபர் வருகிறது என்பதற்கான பதில் மேலேயே இருக்கிறது.

கேள்வி: மனைவிக்கு 71. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிப்ரவரியில் போகிறோம். எல்லா ஹோட்டலும் படத்தில் ஒரே மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நல்ல கேள்வி ஐயா. படத்தில் தெரியாத விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கரையின் சரிவு. பரும்மணல் கரைகள் பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும், பொடிமணல் கரைகள் தட்டையாக இருக்கும். செங்குத்தான கரையில் அலை கடைசி நேரத்தில், உங்கள் காலடியிலேயே வந்து உடையும். வயதானவர்கள் பெரும்பாலும் விழுவது கடலுக்குள் போகும்போது அல்ல, வெளியே வரும்போது. கடலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும், உடம்பு பின்னால் சாயும். சமாளித்து நிமிர்வதற்குள் அடுத்த அலை முழங்காலின் பின்புறத்தில் அடிக்கும். அவ்வளவுதான். அதனால் பக்கவாட்டாக நின்று, ஒரு கண் கடல் மேல் இருக்க, துணையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வரச் சொல்லுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி உதவும்.

அடுத்தது, தினமும் கடல் இறங்கும்போது நீர் வற்றும் தூரம். டான்சானியாவின் ஸான்ஸிபார் தீவில், கிழக்குக் கரையில், பாஜே பக்கம், நீர் வற்றினால் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். நடந்து போய்த்தான் குளிக்க வேண்டும். வடக்கே நுங்வியில் இந்தத் தொல்லை குறைவு. கிராபிக்குப் பக்கத்தில் இருக்கிற ரைலேவுக்குச் சாலையே கிடையாது. நீள்வால் படகில் போய், பல நேரங்களில் தண்ணீருக்குள் காலை வைத்துத்தான் இறங்க வேண்டும். அந்தப் படகிலிருந்து குதிக்கிற உயரம் உங்கள் மனைவிக்கு ஆகாது.

ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: அறையிலிருந்து மணல் வரைக்கும் எத்தனை படிகள்? 'கடற்கரை 50 மீட்டர்' என்று போட்டிருப்பார்கள், அது குன்றின் மேலிருந்து கீழே அளந்த 50 மீட்டராக இருக்கும். குளிக்கும் இடத்தில் தொட்டியா, தரையோடு தரையாக ஷவரா? கைப்பிடி உண்டா? குளியலறைத் தரையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பளபளக்கிற பளிங்கு என்றால் வேறு ஹோட்டல் பாருங்கள். ஈரக் காலும் மணலும் பளிங்கும் சேர்ந்தால் இடுப்பு எலும்புக்கு ஆபத்து. இதை இன்னும் பல தடவை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு 69, இன்சுலின் போடுகிறேன். கணவருக்கு 73, பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை. வெப்பமான ஊருக்குப் போகலாமா?

போகலாமா என்பதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும் அம்மா. நான் சொல்வது பெட்டிக்குள் வைப்பதைப் பற்றி மட்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்பு உண்டு, உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அறைக்குள் இருக்கிற குட்டி ஃப்ரிட்ஜை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கதவுச் சாவி அட்டையைச் சுவரிலிருந்து உருவியதும் சில ஹோட்டல்களில் ஃப்ரிட்ஜுக்கும் மின்சாரம் போய்விடும். நீங்கள் நாள் முழுக்கக் கடற்கரையில், இன்சுலின் வெந்நீர்ப் பதத்தில். வரவேற்பறையில் சொன்னால் அதற்கு வழி செய்வார்கள்.

நீர் மாத்திரையோடு வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்து தலை சுற்றும். அளவை மாற்ற வேண்டுமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், அங்கே போய் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில பிரஷர் மாத்திரைகள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரையில் கோடீனோ டிரமடோலோ இருந்து, ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அதைக் கொண்டுபோவதாக இருந்தால் முன் அனுமதி வேண்டும். மருந்துகள் எல்லாம் அசல் உறையில், சீட்டோடு இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் 40-வது கல்யாண நாளுக்கு மாலத்தீவு. டிசம்பர் கடைசி. இருவருக்கும் 65-க்கு மேல், முழங்கால் பரவாயில்லை. உங்கள் கருத்து?

வாழ்த்துகள். ஆனால் உங்கள் வயதுக்கு அது என் முதல் தேர்வு இல்லை. கடல் விமானங்கள் பகலில் மட்டும் பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் மாலேவில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். பக்கத்துத் தீவு என்றால் வேகப்படகு. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலி வந்தால், பெரிய மருத்துவமனை கடலுக்கு அந்தப் பக்கம்.

குறுக்கே ஒருவர்: சார், சும்மா பயமுறுத்தாதீர்கள். நாங்கள் போய் வந்தோம். எங்கள் ரிசார்ட்டிலேயே டாக்டர் இருந்தார்.

இருப்பார். மருந்தும் கொடுப்பார், கட்டும் போடுவார். அடைத்த ரத்தக்குழாயைத் திறக்க அவரால் முடியாது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம்தான்.

இன்னொருவர்: அப்படிப் பார்த்தால் வீட்டிலேயே இருந்துவிடலாமே. மாலத்தீவுக் கடல் போல அமைதியான தண்ணீர் எங்கே இருக்கிறது?

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பவளத்திட்டு அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் உள்ளே காயல் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். நீச்சல் தெரியாத 70 வயதுக்காரர் இடுப்பளவு நீரில் நிம்மதியாக நிற்க அதைவிட நல்ல இடம் குறைவு. சண்டை தண்ணீரைப் பற்றியது இல்லை, அங்கே போய்ச் சேர்வதைப் பற்றியது.

அதே ஆள்: வேகப்படகில் 20 நிமிடம் போவது ஒரு பிரச்சினையா? முன்னால் உட்கார்ந்தால் காற்று என்ன சுகம்!

முன்னால்தான் உட்காரக் கூடாது! என் வாடிக்கையாளர் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. படகு அலையில் எகிறி விழும்போது அதிகமாகத் தூக்கிப் போடுவது முன்பக்கத்தைத்தான். எலும்பு மெலிந்தவர் அப்படி ஒரு தடவை இருக்கையில் தொப்பென்று விழுந்தால், நடுமுதுகும் இடுப்பும் சேருகிற இடத்தில் முதுகெலும்புக் கட்டை நசுங்கிவிடலாம். வயதான பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பின்வரிசை, நடு இருக்கை, இரண்டு காலும் தரையில். படகோட்டியிடம் "மெதுவாக" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

மூன்றாமவர்: என் அம்மாவுக்கு எலும்பு மெலிவு நோய், ஆஸ்டியோபோரோசிஸ். அப்போது கடல் விமானமா?

கடல் விமானத்தில் குலுக்கல் குறைவு, ஆனால் மிதவை மேடையிலிருந்து ஏறுகிற ஏணி குறுகல், உள்ளே குனிந்து போக வேண்டும். அம்மா அதைச் சமாளிப்பார் என்றால் சரி. இல்லையென்றால் படகே தேவைப்படாத கடற்கரையைப் பாருங்கள்.

கல்யாண நாள் கொண்டாடுகிறவருக்கு: மனம் மாலத்தீவிலேயே நிற்கிறது என்றால் விமான நிலையத்துக்கு மிக அருகே இருக்கிற தீவாக, பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். தண்ணீர் மேல் கட்டிய குடிலை விட மணல் மேல் இருக்கும் அறையை எடுங்கள். குடிலிலிருந்து நீருக்குள் இறங்கும் ஏணி ராத்திரி ஈரத்தில் வழுக்கும். மாலத்தீவு விவகாரம் இத்தோடு போதும்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது?

முதல் பதில்.

கேள்வி: பிப்ரவரியில் இலங்கை எப்படி?

முதல் பதில். தெற்கு, தென்மேற்குக் கரை.

கேள்வி: எனக்கு 70, மூட்டு வலி இல்லை. குழாய் வழியே மூச்சு விட்டபடி மிதந்து கடலுக்கடியைப் பார்க்கிற ஸ்நோர்கெலிங் செய்ய ஆசை. மார்ச்சில் கரீபியன். முகம் முழுக்க மூடும் முகமூடி வாங்கவா?

சாதாரண முகமூடியும் தனிக் குழாயுமே போதும். முகம் முழுக்க மூடுவதை மூச்சு முட்டும்போது சட்டென்று கழற்றுவது கடினம். ஹவாயில் சுற்றுலாப் பயணிகளின் நீர் மரணங்களில் ஸ்நோர்கெலிங்குக்குப் பெரிய பங்கு உண்டு; அதில் நடுத்தர வயதையும் தாண்டிய ஆண்கள் நிறைய. குழாய் வழியாக மூச்சு இழுப்பதே நெஞ்சுக்கு ஒரு சுமை. இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். போய் இறங்கிய முதல் நாளே வேண்டாம். நிலம் எட்டும் ஆழத்தில் பழகுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், மூச்சு வாங்கினால் உடனே மல்லாந்து படுத்துக் கரைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: அவருக்குக் கடல் இருந்தால் போதும். எனக்கு மணல் என்றாலே ஆகாது, இரண்டாம் நாளே போரடித்துவிடும். இருவருக்கும் 66, நடை நன்றாக இருக்கிறது, ஜனவரி.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். தம்பதிகளுக்குள் வரும் விடுமுறைச் சண்டையில் பாதி இதுதான். பின்னால் ஒரு உயிருள்ள ஊர் இருக்கும் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். உனவட்டுனவில் தங்கினால் காலி நகரத்தின் பழைய கோட்டை சில கிலோமீட்டர்தான். 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. உள்ளே தெருக்கள் சின்னவை, மதில் மேல் சாயங்காலம் நடக்கலாம், கால் வலித்தால் உட்கார இடம் உண்டு. அவர் கடலில் இருக்கட்டும், நீங்கள் காலையில் ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போய்விட்டு வாருங்கள். பினாங்கில் ஜார்ஜ் டவுனும் அப்படித்தான். அங்கே நகரம் முதல் தரம், கடல் சுமார்தான், ஜெல்லி மீனும் வரும். ஆகவே உங்களுக்குப் பினாங்கு, அவருக்கு உனவட்டுன. இருவருக்கும் சேர்த்து என்றால் உனவட்டுன.

கேள்வி: சொகுசுக் கப்பலில் போனால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

கப்பல் என் துறை இல்லை. அதில் அனுபவமுள்ளவரைக் கேளுங்கள்.

கேள்வி: டெங்குவுக்குப் பயந்து கொசுவலை எடுத்துப் போகிறோம். போதுமா?

டெங்கு கொசு பகலில் கடிப்பது. ராத்திரி வலை அதற்குப் போதாது. காலையிலும் சாயங்காலமும் முழுக்கை, கால்களில் கொசு விரட்டி. வெயில் பூச்சு முதலில், விரட்டி அதன் மேல். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: குளியலறை வழுக்கும் என்கிறீர்களே, ரப்பர் விரிப்பு ஒன்று எடுத்துப் போகலாமா?

தாராளமாக. இவ்வளவு நேரத்தில் என் பேச்சைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அடியில் உறிஞ்சு குமிழ் உள்ளதாக வாங்குங்கள்.

கேள்வி: ஜனவரியில் பாலி...

இல்லை.

கேள்வி: 74, 70 வயது. காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் பழைய ஸ்டென்ட்டையும் சொன்னால் கட்டணம் ஏறுகிறது. சொல்லாமல் விடலாமா?

விடக் கூடாது. மறைத்தது தெரிந்தால், ஸ்டென்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத எலும்பு முறிவுக்குக்கூடப் பணம் தர மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். தாளில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு உண்டா, வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றும் செலவு உண்டா, ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் கூடத் தங்கும் செலவு உண்டா. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, தம்பதிகளுக்கு முக்கியமே அதுதான். அவசர எண்ணை இரண்டு பேர் போனிலும் போட்டு, ஒரு காகிதத்திலும் எழுதி அவரவர் பணப்பையில் வையுங்கள்.