புத்தாடை, முட்டை, சாக்லேட்டைத் தாண்டி, ஈஸ்டரைப் பிள்ளைகளோடு விசுவாசத்தை மையமாக வைத்துக் கொண்டாட வீட்டில் என்ன வழக்கங்களை ஏற்படுத்தலாம்?

கிறிஸ்துமஸுக்கு இந்தக் கேள்வியே எழாது. குழந்தை, குடில், நட்சத்திரம் என்று எல்லாமே பிள்ளைகளின் கைக்கு எட்டும் சங்கதிகள். ஈஸ்டரில் இருப்பது ஒரு மரணமும் வெறுமையான ஒரு கல்லறையும். அதைச் சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் பல வீடுகள் முட்டையோடும் முயலோடும் நின்றுவிடுகின்றன.

புதிதாக எதையும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்த மூன்று நாட்களின் நிகழ்வுகளை நற்செய்தி நூல்கள் நேரத்தோடு சொல்கின்றன. எது எந்தப் பொழுதில் நடந்ததோ, அதை அந்தப் பொழுதில் வீட்டில் நினைவுகூர்ந்தால் போதும். எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஒரே விதிதான்.

பெரிய வியாழன் இரவு உணவுக்கு முன் கால் கழுவுதல், இயேசு அந்த இரவில் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக. ஒரு அகலப் பாத்திரம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு, அவ்வளவுதான். முதலில் கழுவுவது வீட்டிலேயே மூத்தவர். அடுத்து அவர் காலைக் கழுவுவது கடைக்குட்டி. எப்படியும் சிரிப்பு வரும், கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார்கள், தரையெல்லாம் தண்ணீர். அதட்டாதீர்கள். எங்கள் வீட்டில் தாத்தா ஒவ்வொரு வருடமும் "எனக்கெல்லாம் வேண்டாம்ப்பா" என்று காலை மடக்கிக்கொள்வார். உடனே பேரன் "தாத்தா, பேதுருவும் இதையேதான் சொன்னார்" என்பான். யோவான் 13ஆம் அதிகாரம் அவனுக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

அன்றிரவு படுக்கப் போகும் முன் வெளியே வந்து நிலாவைப் பார்க்கிறோம். இயேசு சீடர்களோடு கொண்டாடிய யூதப் பண்டிகையான பஸ்கா வருவது பௌர்ணமியில். ஈஸ்டரும் மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. அதனால்தான் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே தேதி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேகம் மறைக்காவிட்டால் பெரிய வியாழன் இரவில் பெரிய நிலாதான்; சில வருடங்களில் சற்றுத் தாமதமாக எழும். அன்றிரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்திலும் இப்படித்தான் வெளிச்சம் இருந்திருக்கும் என்று சொன்னால் போதும். தனியாக விளக்கம் தேவைப்படாது.

பெரிய வெள்ளிக்கு மாற்கு 15. சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி, இருள் சூழ்ந்தது ஆறாம் மணி, உயிர் விட்டது ஒன்பதாம் மணி என்கிறார் மாற்கு. நம் கணக்கில் காலை 9, பகல் 12, மாலை 3. ஒரே மூச்சில் வாசிக்காமல் அந்தந்த மணிக்கு அந்தந்தப் பகுதியை வாசிக்கிறோம். பகலில் ஆலயத்தில் இருந்தால் 9 மணிப் பகுதி மட்டும் வீட்டுக்கு மிஞ்சும், அதுவும் போதும். சிறுவர்களுக்குக் கொடூரத்தை விவரிக்க வேண்டியதில்லை. நற்செய்தியாளர்களே அதைச் சுருக்கமாகத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது சனிக்கிழமை. கல்லறைக்கு முத்திரையிட்டதை மத்தேயு சொல்கிறார், பெண்கள் ஓய்ந்திருந்ததை லூக்கா சொல்கிறார். வேறெதுவும் இல்லை. நாமோ அந்த நாளைத்தான் கடைக்கும் சமையலுக்கும் வீடு கழுவுவதற்கும் தாரை வார்க்கிறோம். இந்த வேலைகளைக் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே முடித்துவிட்டு, சனியைக் காலியாக விட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும், தட்டட்டும். "இயேசு இப்போ எங்கே இருக்கார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "சீடர்களுக்கும் அன்னைக்கு அது தெரியலடா" என்பதே நல்ல பதில். ஞாயிறு வரை காத்திருக்கப் பழகுவதுதான் அன்றைக்குப் பாடம்.

ஞாயிறு அதிகாலை, இருட்டோடு எழுந்து வெளியே போகிறோம். மகதலேனா மரியாள் கல்லறைக்கு வந்தபோது இன்னும் இருட்டாக இருந்தது என்கிறார் யோவான். 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் இளைஞர்கள் விடியலுக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடினார்கள். இன்று பல சபைகளில் நடக்கும் சூரிய உதய ஆராதனைக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். நாங்களும் முடிந்தால் எங்கள் குடும்பக் கல்லறைக்கே போகிறோம். இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் வாசிக்க, பெரியவர்கள் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்கிறோம். உயிர்ப்பு யாருக்காக என்பது அங்கே நின்றால் புரிகிறது. கொள்ளுப்பாட்டியைப் பார்த்தேயிராத பிள்ளைக்கு அவர் பெயராவது தெரிகிறது.

முட்டை கூடாதா என்றால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்தது. நோன்பு முடிந்ததும் அது விருந்தானது. ஆர்த்தடாக்ஸ் சபையினர் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயமிடுவார்கள். கதையைச் சொல்லிவிட்டுக் கையில் கொடுத்தால் குறையொன்றும் இல்லை. முயல் விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை!

ஞாயிறு மாலை எம்மாவு நடை. லூக்கா 24இல் இரண்டு சீடர்கள் எம்மாவு என்ற ஊருக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடந்துபோகிறார்கள், கூட வருவது உயிர்த்த இயேசு என்றே தெரியாமல். நாங்கள் அவ்வளவு தூரமெல்லாம் நடப்பதில்லை. இரண்டிரண்டு பேராக, ஒரு பெரியவர் ஒரு பிள்ளை என்று சேர்ந்து, இந்த வருடம் எது ஏமாற்றமாகப் போனது என்று பேசிக்கொண்டே போகிறோம். அந்தச் சீடர்களும் "நாங்கள் நம்பியிருந்தோமே" என்றுதான் புலம்பினார்கள். திரும்பி வந்ததும் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து ரொட்டியைப் பிட்டுப் பகிர்கிறோம்.

ஈஸ்டர் அத்தோடு முடிவதில்லை, தூய ஆவி சீடர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் வரை 50 நாட்கள். 40 நாள் தவக்காலத்துக்குப் போடுகிற திட்டத்தில் பாதியையாவது இதற்கும் போடலாமே. வாரம் ஒரு சம்பவம் போதும். எட்டு நாள் கழித்து, நேரில் பார்க்காமல் நம்ப மறுத்த சீடர் தோமா, பிறகு யோவான் 21இல் இயேசு சீடர்களைச் சந்திக்கும் கடற்கரையும் அவர்கள் பிடித்த 153 மீன்களும். எத்தனை மீன் என்று ஏன் எண்ணினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அறிஞர்களே ஆளுக்கொரு விளக்கம் சொல்கிற இடம், உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்.

முதல் வருடமே இத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றே ஒன்று போதும் என்றால், பதின்ம வயதினர் இருக்கும் வீட்டில் எம்மாவு நடையிலிருந்து தொடங்குங்கள். காலை நீட்டச் சொன்னால் நெளிகிற வயது அது, நடந்துகொண்டே பேசச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.