அனிமேஷன் படம் பார்த்து அழுதால் என்ன தப்பு?

முப்பது வயதுக்கு மேல் அனிமேஷன் படம் பார்த்து அழுதேன், வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், எனக்கு ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. என்ன படம் என்று சொல்லவில்லை, ஆனால் அதில் வாய் திறந்து பேசாத ஒரு அப்பாவோ அம்மாவோ கட்டாயம் இருந்திருப்பார்கள்.

என்னை அழ வைத்தது 'ஒன்லி எஸ்டர்டே', 1991-இல் இசாவோ தகஹாட்டா இயக்கிய ஜப்பானியப் படம். 27 வயது தாயெகோ லீவு போட்டுவிட்டுக் கிராமத்துக்குக் கிளம்புகிறாள், 1966-இல் பத்து வயதாக இருந்த தாயெகோவும் கூடவே வந்துவிடுகிறாள். அந்தச் சின்னப் பெண்ணைக் கல்லூரி நாடகத்தில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள். சாப்பிடும்போது அப்பா கூடாது என்கிறார், அதோடு பேச்சு முடிந்தது. வாய்ப்பு வேறொரு பெண்ணுக்குப் போகிறது. முதலில் உன்னைத்தான் கேட்டார்கள் என்று யாரிடமும் சொல்லாதே என்கிறாள் அம்மா. அந்த வரியில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

பதினேழு வயதில் ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். பேப்பரைக் கூட இறக்காமல் "வேண்டாம்மா" என்றார். சரிப்பா என்று வந்துவிட்டேன். படத்தில் சின்ன வயதுக் காட்சிகளின் ஓரமெல்லாம் வெளுத்து, வரையாமல் விட்டது போலக் கரைந்திருக்கும். என் நினைவும் அப்படித்தான், அறையில் வேறு என்ன இருந்தது என்று தெரியாது, பேப்பரைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும் நகத்தோடு நினைவிருக்கிறது.

அப்பாவை வில்லனாக்குகிறாள் என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: அவர் என்னைத் திட்டியதுகூட இல்லை, ஃபீஸ் ஒருநாளும் தாமதமாகக் கட்டியதில்லை. அதனால்தான் எனக்குக் கோபப்படவே வழியில்லாமல் போனது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் படத்தின் முக்கியமான முடிவே பெயர்கள் ஓடும்போதுதான் வருகிறது. நான் பார்த்த ஆப், பெயர் ஓட ஆரம்பித்ததும் திரையைச் சுருக்கி அடுத்த படத்தைப் போட்டுவிட்டது! எத்தனை பேர் முடிவையே பார்க்காமல் எழுந்து போயிருப்பார்கள்? இதை யாரிடம் புகார் செய்வது?

ரிமோட்டோடு போராடிக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா, "அந்தப் பொண்ணு கடைசியில நடிக்கப் போனாளா?" என்று கேட்டார். அவங்க அப்பா விடலைப்பா என்றேன். அப்புறம் என்ன தைரியமோ, நீங்களும் என்னை விடலையே என்றும் சொல்லிவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீ சரின்னுதானேம்மா சொன்ன?"

அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.